அம்மா எப்போது வாசிப்பாள்?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதம் எமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. பாடசாலைகளில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி என்பன நடைபெறுகின்றன. பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் மேடையேறுகின்றனர். அதிகாரிகள் வாசிப்பின் பயன் பற்றி நீண்ட உரைகள் ஆற்றுகின்றனர். அம்மாமார் பின்வரிசைக் கதிரைகளில் இருந்து கைதட்டுகின்றனர். அவர்களுள் ஒருவரையேனும் பார்த்து, "அம்மா, நீங்கள் கடைசியாக எப்போது ஒரு புத்தகம் வாசித்தீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை.

நாம் கேட்டோம். கிளிநொச்சி மாவட்டத்தின் குளத்தோரக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளை அது. இருபதுக்கு மேற்பட்ட தாய்மார் இருந்தனர். அநேகர் மூன்று நான்கு தடவைகள் இடம்பெயர்ந்தவர்கள். சிலர் எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டவர்கள். கேள்வியைக் கேட்டதும் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒரு தாய் சொன்னார்:

"வாசிக்காமல் இல்லை பாதர். மருந்துத் துண்டு வாசிக்கிறம். கறன்ற் பில் வாசிக்கிறம். பிள்ளையின்ர ரிப்போட் வாசிக்கிறம். புத்தகம் எண்டால், மூத்தவன் வயித்தில இருக்கேக்க வாசிச்சது. அவனுக்கு இப்ப பத்தொன்பது வயது."

பக்கத்தில் இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வாசிக்க விருப்பம்தான். நேரத்தை ஆர் பாதர் தாறது?"

இந்த வினா எம்மை வீடு வரை துரத்தி வந்தது. எமது தாய்மாருக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆர்வம் இருக்கிறது. நேரமும் வெளிச்சமும் இடமும்தான் இல்லை. இவற்றை அவர்கள் தாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. வீட்டில் உள்ள மற்றவர்களும் ஊரில் உள்ள பொது நிறுவனங்களும்தான் ஒதுக்கிக் கொடுக்கவேண்டும். இதுவே எமது கருத்து.

ஒரு நாளின் கணக்கு

மேற்சொன்ன தாயிடம் அவருடைய ஒரு நாளைக் கணக்கெடுத்துப் பார்த்தோம். அதிகாலை நான்கரைக்கு எழும்புகிறார். முற்றம் கூட்டி, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, புட்டு அவித்துச் சம்பல் இடித்து, பிள்ளைகளை எழுப்பி வெளிக்கிடுத்தி அனுப்ப ஏழரை மணி. அதன்பின் தோட்டம். சொந்தத் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் அயலவர் காணியில் களை பிடுங்கவோ கச்சான் பிடுங்கவோ கூலிக்குப் போகிறார். வெயில் ஏறியபின் வந்து மத்தியானச் சமையல். பின்னேரம் ஆடு மாடுகளுக்குக் குழை வெட்டுதல், உடுப்புத் தோய்த்தல், கடைக்குப் போதல், வயதான மாமியாரைப் பார்த்தல். இருட்டியதும் பிள்ளைகளைப் படிக்க இருத்திவிட்டு இரவுச் சமையல். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டி பானை கழுவி, நாளைக்கு மாவை அரித்து வைத்துப் படுக்கும்போது ஒன்பதரை மணி.

நான்கரை முதல் ஒன்பதரை வரை பதினேழு மணித்தியாலங்கள். அதில் அவர் தனக்கென்று இருந்த நேரம் எவ்வளவு என்று கேட்டோம். யோசித்துவிட்டு, "குளிக்கிற நேரம்" என்றார்.

கமக்காரரான கணவர்மாரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உழவும் நீர் பாய்ச்சலும் இரவுக் காவலும் எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். ஆயினும் அவருடைய வேலைக்கு ஒரு முடிவு உண்டு. மாலையில் கைகால் கழுவிச் சந்திக்குப் போய்ப் பத்திரிகை பார்த்து நாலு பேருடன் கதைக்க அவருக்கு ஒரு நேரமும் இடமும் இருக்கின்றன. அடுப்படி வேலைக்கு அவ்வாறான முடிவு கிடையாது. போரிலே கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட தாய்மாரோ இரண்டு பேரின் வேலையையும் ஒருவராகச் செய்கின்றனர்.

இன்னுமொன்றையும் கவனித்தோம். நாற்பது வயதைக் கடந்த சிலர், "எழுத்து மங்கலாத் தெரியுது. இனி வாசிச்சென்ன" என்றனர். இது வெள்ளெழுத்து. வயது ஏற ஏறக் கிட்டத்தில் உள்ள எழுத்துத் தெளிவில்லாமற் போவது எல்லோருக்கும் வருவதுதான். ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி போதும். பிள்ளையின் கண்ணாடிக்குக் கடன்பட்டாவது பணம் தேடும் தாய், தன்னுடைய கண்ணாடியை அடுத்த போகம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறார். போகங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

சரைக் காகிதம்

எமது தாயாரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். 1996ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரை நோக்கிப் படை நடவடிக்கை வந்தபோது, எமது குடும்பமும் ஏனைய ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல ஸ்கந்தபுரம் பக்கம் இடம்பெயர்ந்தது. முதலில் மரநிழல், பிறகு தறப்பாள், பிறகு கிடுகுக் கொட்டில். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்ற காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில கரண்டி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கு ஒன்றுதான் வீட்டுக்கு. அந்த வெளிச்சம் படிக்கிற பிள்ளைகளுக்கு உரியது என்பது எழுதாத சட்டம்.

எமது தாயார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டிலிருந்த புத்தகங்கள் யாவும் இடம்பெயர்வோடு போயின. ஆனால் கடையில் சீனியோ மல்லியோ வாங்கினால் பழைய பத்திரிகைத் தாளில் சரை சுற்றித் தருவார்கள். அம்மா அந்தச் சரையைப் பிரித்துச் சாமானைப் பேணியில் கொட்டிவிட்டு, காகிதத்தை மடியில் வைத்துக் கையால் நீவி, அடுப்பு வெளிச்சத்தில் வாசிப்பார். இரண்டு வருடத்துக்கு முந்திய செய்தி, மரண அறிவித்தல், இந்தியச் சஞ்சிகையொன்றின் தொடர்கதையில் நடுப்பக்கம், எதுவானாலும் ஓர் எழுத்தும் விடமாட்டார். வாசித்து முடித்தபின்தான் அந்தத் தாள் அடுப்பு மூட்டப் போகும்.

தொடர்கதைத் துண்டுக்கு முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. இரவில் எம்மைப் பாயில் கிடத்திவிட்டு அந்தக் கதையின் மிச்சத்தை அவரே இட்டுக்கட்டிச் சொல்லுவார். "உண்மையா அப்பிடியோ முடிஞ்சது அம்மா?" என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும், அடுத்த சரை வரட்டும்" என்பார்.

நாம் பின்னர் குருமடத்தில் பெரிய நூலகத்தின் நடுவே இருந்து படித்தோம். தத்துவமும் இறையியலும் வாசித்தோம். வாசிப்பதற்கென்றே எமக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. மணி அடிக்கும், புத்தகத்தைத் திறப்போம். சமையலுக்கு வேறு ஆட்கள் இருந்தனர். அம்மாவுக்கு அப்படி ஒரு மணி அடித்திருந்தால் அவர் எவ்வளவு வாசித்திருப்பார் என்று அந்நாட்களில் நாம் ஒருபோதும் எண்ணிப் பார்க்கவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

வாசிக்காத கையெழுத்து

"தாய் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன? பிள்ளை படித்தால் போதாதா?" என்று கேட்போர் உளர். அதற்கு எமது ஊர்களில் நடந்தவையே பதில்.

போர் முடிந்தபின் வன்னிக்குள் நுண்கடன் வந்தது. நிவாரணம் குறைந்து, தொழில் இல்லாது, ஆடும் கோழியும் வாங்கப் பணம் தேவைப்பட்ட வேளையில் வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்தார்கள். பெண்கள் குழுவாக இருந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று கையெழுத்திட்டார்கள். நாம் அறிந்த ஒரு தாய் இப்படிச் சொன்னார்: "ஏழு இடத்தில கையெழுத்து வைக்கச் சொன்னவை. வைச்சன். வாசிக்க நேரம் தரேல்லை. நானும் கேக்கேல்லை. வீட்டில உலை கொதிச்சுக்கொண்டிருந்தது." வட்டி எத்தனை வீதம், ஒரு கிழமை தவறினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தவறிய கிழமையில்தான் தெரியவந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார். தாலிக்கொடி அடகுக்குப் போனது.

இந்தத் துயரம் நாடு முழுவதும் பேசப்பட்டதன் பின், 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைச் சில நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. தன்னுடைய கடன் அதற்குள் அடங்குமா என்று அறியவும் ஒரு தாய்க்கு வாசிப்புத் தேவைப்பட்டது.

காணி விடயத்தையும் பாருங்கள். எமது குடியேற்றத் திட்டக் காணிகளில் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து, காணி செல்லும் வரிசையில் மகள்மாருக்கு முன் மகன்மாரே வைக்கப்பட்டிருந்தனர். பல தசாப்தங்களாக இருந்த இந்தப் பாகுபாடு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டது. அதே மண்ணில் முதுகு முறிய வேலை செய்த தாய்மாருள் எத்தனை பேர் இந்தத் திருத்தத்தை அறிவர்? எத்தனை பேர் தமது வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் அனுமதிப்பத்திரத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசித்திருக்கின்றனர்? இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தப் பத்திரத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்தாம். அதில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்பவர் வேறொருவராக இருக்கிறார்.

"இப்போது கைத்தொலைபேசி இருக்கிறதே, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே" என்பர். கேட்டு அறிவது நல்லது. முன்னர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட மக்கள் நாம். ஆயினும் பிறர் சொல்லக் கேட்பவர், சொல்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே அறிவார். சொல்லாமல் விட்டதை அறியமாட்டார். எழுத்தைத் தானே பார்ப்பவர் நிறுத்தி, திரும்பிப் போய், இரண்டாம் தடவை பார்க்கலாம். சந்தேகம் பிறப்பது அந்த இரண்டாம் தடவையில்தான்.

பயனுக்கு மட்டுமா?

கடன் பத்திரமும் காணிப் பத்திரமும் வாசிக்கத்தான் எழுத்து என்று நாம் சொல்லவில்லை. அபிவிருத்தி வேலை செய்வோரிடம் ஒரு பழக்கம் உண்டு. கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுக்கும் எதையும் கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், போசாக்கு என்று பயனுள்ளதாகவே கொடுப்போம். எமது பிரசுரங்களும் அப்படியே. அவளும் ஒரு கதையில் மூழ்கி இருக்க விரும்புவாள், சிரிக்கவும் அழவும் விரும்புவாள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எவ்வளவோ இழப்பைக் கண்ட தாய்மார் இவர்கள். தமது துயரத்தைத் தாமே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கின்றனர். வேறொரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு கதையில் வாசிக்கும்போது, தன்னுடைய துயரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. இது மருந்து என்று நாம் சொல்லவில்லை. மூச்சு விட ஓர் இடைவெளி என்கிறோம். எமது தாயார் சரைக் காகிதத்தில் தேடியதும் அதுவே.

வாசிகசாலையில் இருப்பவர் யார்?

எமது மண்ணில் பெண்கள் வாசிப்பது புதுமை அன்று. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1914இல் மங்களநாயகம் தம்பையா என்ற பெண்மணி 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் காடு வெட்டிக் களனியாக்கிய வன்னிக் குடும்பங்களில் பெண்பிள்ளைக்குப் பாடசாலை தூரமாகவே இருந்தது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்களில் பல தாய்மாருக்குத் தோட்டப் பாடசாலையின் சில வகுப்புகளே கிடைத்திருந்தன. அதன்பின் தொடர்ந்த இடப்பெயர்வுகள் ஒரு தலைமுறையின் படிப்பை நடுவே முறித்தன.

ஊர் தோறும் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் இருப்பது எமக்குப் பெருமை. அங்கே போய்ப் பாருங்கள். மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்திருக்கும். இருப்பவர்கள் யாவரும் ஆண்கள். அந்த நேரத்தில் தாய்மார் அடுப்படியில் நிற்பர். நிலையத்தின் யாப்பில் பெண்கள் வரக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. மணிக்கூடே அதைச் சொல்லிவிடுகிறது. எமது பங்கு மண்டபங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அலுமாரியில் புத்தகங்கள் உண்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஆளை ஆள் பார்க்கிறோம்.

1981ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி எரிந்தழிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை, அதன் ஏறத்தாழ 97,000 நூல்களை, ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். அதே வேளை, எரியாமல் எமது கிராமத்து அலுமாரிகளில் பூட்டிக் கிடக்கும் நூல்களுக்கும் நாம் பதில் சொல்லவேண்டும்.

ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் முன்னர் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். கடல்களுக்கு அப்பால் கியூபா நாட்டிலும் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதே வழக்கம். அங்கே தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாசிப்பவருக்குக் கொடுத்தனர். கை வேலையில் இருக்கும்போது காதும் மனமும் சும்மா இருக்கின்றன என்பதை இரண்டு நாட்டு ஏழைத் தொழிலாளரும் கண்டுகொண்டனர்.

கச்சான் உடைப்பதும் உழுந்து புடைப்பதும் கிடுகு பின்னுவதும் அப்படியான வேலைகளே. எனவே அந்தக் கிராமத்துத் தாய்மாருக்கு நாம் ஒரு யோசனை சொன்னோம். புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு வீட்டு மாமர நிழலில் வேலையோடு கூடுவது, ஒருவர் வாசிப்பது, வாசித்தவரின் பங்குக் கச்சானை மற்றவர்கள் சேர்ந்து உடைப்பது. முதல் நூலாக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யைக் கொடுத்தோம். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973இல் வந்த நாவல் அது. "எங்கட பக்கத்துக் காட்டைப் பற்றியும் புத்தகம் இருக்கோ!" என்று வியந்தனர்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்லமாட்டோம். முதல் கிழமை பதினொரு பேர், அருவி வெட்டு வந்ததும் நான்கு பேர். ஒருவருடைய கணவர், "ஊர்வம்பு பேசத்தானே போறாய்" என்று தடுத்தார். வாசிக்கத் தெரியாத இருவர் வெட்கப்பட்டு ஓரமாக இருந்தனர். ஆயினும் புதன்கிழமை நின்றுவிடவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுள் ஒருவர், தமது பேரப்பிள்ளையின் முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து இரவில் இரகசியமாக எழுத்துக் கூட்டத் தொடங்கியிருப்பதாக அறிகிறோம். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓடவும் பழகினர். வயது அவர்களைத் தடுக்கவில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, வீடு. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் அம்மாவுக்கு. அந்த நேரத்தில் தேநீர் கேட்கக்கூடாது, "அம்மா" என்று கூப்பிடக்கூடாது. கணவர் சட்டி பானை கழுவினால் குடும்ப மானம் போய்விடாது. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அம்மாவின் அரை மணித்தியாலத்துக்காக மூத்த மகளின் படிப்பு நேரத்தைப் பறிக்கக்கூடாது. கோப்பை கழுவ மகன்மாருக்கும் கைகள் உண்டு.

இரண்டாவது, சனசமூக நிலையங்கள். கிழமையில் இரண்டு நாளாவது பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை பெண்களுக்காகத் திறவுங்கள். கைக்குழந்தைக்கு ஒரு பாய் விரித்துவிடுங்கள். நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். எண்ணெய்க் கறை பட்டால் பரவாயில்லை. வாசிக்கப்பட்ட புத்தகத்துக்கு அது அழகு.

மூன்றாவது, பங்குகளும் நிறுவனங்களும். கண் பரிசோதனையும் வாசிப்புக் கண்ணாடியும் எமது திட்டங்களில் இடம்பெறவேண்டும். எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும், அதைத் தமிழில் கொடுத்து, ஓர் இரவு வீட்டில் வைத்து வாசிக்க அவகாசம் கொடுக்கவேண்டும். இதில் நாமும் தவறியிருக்கிறோம்.

நான்காவது, இளையோர். உங்கள் கைத்தொலைபேசியில் 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்மாவுக்கு ஒன்றைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு சொல். இந்த அரை மணித்தியாலத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிக் குடும்பத்தைக் காத்தவர்கள் நீங்கள். உங்களுடைய நேரம் உங்களுக்கும் உரியது.

கடந்த மாதம் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தோம். வாசித்துக்கொண்டிருந்த தாய் புத்தகத்தை மடித்துவிட்டு, நேரமாகிவிட்டது, மிச்சத்தை வாற புதன் பார்ப்போம் என்றார். மற்றவர்கள் விடவில்லை. "மாட்டைப் பிறகு அவிழ்க்கலாம். கதை என்ன ஆனது எண்டு சொல்லிப்போட்டுப் போ" என்று பிடித்து இருத்தினர். எமக்கு எமது தாயாரின் நினைவு வந்தது. அவருக்கு அந்த மிச்சம் ஒருநாளும் கிடைக்கவில்லை.

சிந்தனைக்கு:

1. உங்கள் வீட்டில் அம்மா கடைசியாக எப்போது தமக்காக வாசித்தார்? கேட்டிருக்கிறீர்களா?

2. உங்கள் ஊர் வாசிகசாலை எந்நேரம் திறக்கிறது? அந்நேரம் பெண்கள் வரக்கூடியதா?

3. உங்கள் வீட்டுக் காணிப் பத்திரத்தையும் கடன் பத்திரத்தையும் குடும்பமாக இருந்து ஒரு தடவை வாசித்துப் பார்ப்பீர்களா?